கைது என்றால் என்ன?



குடிமையியல் வகுப்பில் கைது பற்றிய பாடத்தை மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். அந்தப் பாடம் நம் வீட்டுப் பெரியோரின் சேமிப்பைக் காக்கவல்லது.

2024 ஆகஸ்டில் லூதியானா நகரத் தொழிலதிபர் எஸ்.பி. ஓஸ்வாலைத் தொலைபேசியில் அழைத்த சிலர், தாங்கள் சி.பி.ஐ. அதிகாரிகள் என்றனர். வீடியோ அழைப்பிலேயே பொய்யான நீதிமன்றம் ஒன்றை அமைத்து, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி போலவும் ஒருவனைப் பேசவைத்தனர். "யாரிடமும் சொல்லக்கூடாது" என்றும் கட்டளையிட்டனர். 82 வயதான அவர் 7 கோடி ரூபாயை இழந்தார். அதில் 5 கோடிக்கு மேல் பின்னர் மீட்கப்பட்டது. பெரிய ஆலைகளை நடத்தியவருக்கே இக்கதி என்றால், பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, இம்மலையில் தனியே வாழும் முதியோர் எம்மாத்திரம்?

இதற்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயர். நம் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா கூறுவதைக் கேளுங்கள். கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, குடும்பத்தார் ஒருவரையோ அவ்வூரில் மதிப்புள்ள ஒருவரையோ சாட்சியாகக் கையொப்பமிடச் செய்ய வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. ஆக, உண்மையான கைது நாலு பேர் அறிய நடப்பது. மோசடிக்காரனோ கதவைச் சாத்தச் சொல்கிறான்.

சென்ற ஐப்பசி மழையின்போது பக்கத்து வீட்டுப் பாட்டி நடுங்கியபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம்; மும்பைப் போலீஸ் வீடியோவில் கைது செய்துவிட்டதாம். நல்லவேளை, மழையில் சிக்னல் போய்விட்டது! (நம் ஊர்ச் சிக்னலைத் திட்டாத நாள் அது ஒன்றுதான்.) "உங்களிடம் சொன்னால் உங்களையும் பிடிப்பார்களாம்" என்று அழுதார்.

"கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் பாட்டி?" என்று கேட்டேன்.

சற்று நேரம் என்னையே பார்த்தவர், பிறகு உட்கார்ந்து காப்பி கேட்டார்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். திருடர்கள் அதைப் பல கணக்குகளுக்கு மாற்றி எடுத்துவிடுவதற்குள் சொன்னால்தான் வங்கிகள் நிறுத்திவைக்க முடியும். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைப்பதே பெருந்தவறு. 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இம்மோசடிகளின் விசாரணையைச் சி.பி.ஐ.யிடமே ஒப்படைத்தது. போலி சி.பி.ஐ.யை உண்மையான சி.பி.ஐ. தேடுகிறது!

பாட்டி இப்போதெல்லாம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, வேலிக்கு மேலாக என் அம்மாவையும் கூப்பிடுகிறார்.