ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்

மாரி மழை தொடங்கியதும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும். சிலர் பொறுமையிழந்து அதை விலக்கிவிட்டு வயரை நேரே பூட்டிவிடுகிறார்கள். பியூஸ் இருக்கிறதே என்பார்கள். பியூஸ் காப்பது வயரை. ஆளைக் காப்பது ட்ரிப். ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ 30 மில்லி அம்பியர் நிலத்துக்குக் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டிக்கும். உயிரைக் குடிக்கக்கூடிய அந்தக் கசிவு 5 அம்பியர் பியூசுக்குத் தெரியவே தெரியாது. (பியூசுக்குச் செப்புக் கம்பி சுற்றுவோரைப் பற்றித் தனியே எழுதவேண்டும்!)

ட்ரிப் விழுந்தால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு அதை ஏற்றுங்கள். பின் ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். எதைப் பூட்டும்போது விழுகிறதோ அதிலேதான் பழுது. பலவேளை கிணற்று மோட்டராக இருக்கும். அனைத்தையும் கழற்றியும் நிற்கவில்லையானால் வயரிங்கில் ஈரம் இறங்கியிருக்கலாம். அதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். மாதமொருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாத ட்ரிப்பை மாற்றத்தான் வேண்டும்.