தொழிற்பேட்டையும் அறிவியற் பூங்காவும்

சென்னை மாநகருக்கு மேற்கே, ஆவடியையும் பூவிருந்தவல்லியையும் இணைக்கும் சாலையில் அமைந்த ஊர் பருத்திப்பட்டு. பட்டு என்னும் சொல் சிற்றூரைக் குறிக்கும். தொண்டை நாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் அச்சொல்லைக் காணலாம். பருத்தியின் பெயரைத் தாங்கி, ஏரியைத் தன் அணியாகக் கொண்ட இவ்வூர், இன்று ஆவடி மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்குகிறது. இதற்குக் கிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உள்ளது. வடமேற்கே பட்டாபிராமில் டைடல் பூங்கா உயர்ந்து நிற்கிறது. முன்னது 1964-ஆம் ஆண்டிலும் பின்னது 2024-ஆம் ஆண்டிலும் தோன்றியவை. இடையே அறுபது ஆண்டுகள் கழிந்தன. எனினும், இவ்விரண்டும் ஒரே வினாவிற்குக் கிடைத்த விடைகளே ஆகும். திறமை உண்டு, பொருள் இல்லை என்னும் நிலையில் உள்ள ஒருவன் தொழில் தொடங்குவது எங்ஙனம் என்பதே அவ்வினா.

தனித்து நிற்பவனின் இடர்

புதிய பொருள் ஒன்றைப் படைக்க விரும்பும் இளைஞன் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். அவனுக்கு நிலம் வேண்டும், கூடம் வேண்டும், மின்சாரமும் நீரும் வேண்டும். செய்த பொருளைச் சோதிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். பிழை எங்கே உள்ளது என்று எடுத்துச் சொல்ல வல்லுநர் வேண்டும். இவை அனைத்தையும் தன் பொருளைக் கொண்டே தேடிக்கொள்ள முயன்றால், பொருள் உருப்பெறுமுன் கைமுதல் கரைந்துவிடும். நல்ல எண்ணங்கள் பல இவ்வாறே முளையிலேயே கருகிவிடுகின்றன. இழப்பு அவனுக்கு மட்டும் உரியதன்று. அவனால் வேலை பெற்றிருக்கக்கூடிய குடும்பங்களுக்கும் உரியதாகும். தனி மரம் தோப்பாகாது என்னும் பழமொழி தொழில் உலகிற்கும் பொருந்துவதே.

பேட்டைகள் பிறந்த வரலாறு

இவ்விடரை நீக்கும் முதல் முயற்சியாகத் தொழிற்பேட்டைகள் எழுந்தன. காமராசர் முதலமைச்சராகவும், ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டில் கிண்டித் தொழிற்பேட்டை தொடங்கப்பெற்றது. அரசே நிலத்தைச் சீர்செய்து, சாலை அமைத்து, தொழிற்கூடங்களைக் கட்டி, மின்சாரமும் நீரும் வழங்கியது. சிறுதொழில் செய்வோர் கூடத்தைப் பெற்று உடனே வேலையைத் தொடங்க முடிந்தது.

கிண்டி காட்டிய வழியில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. அவ்வூரில் 1949-ஆம் ஆண்டு முதற்கொண்டே டி.ஐ. மிதிவண்டி நிறுவனம் இயங்கி வந்தது. பேட்டை ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து வளர்ந்தது. கடைசல் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும், ஊர்தி உறுப்புகள் செய்யும் கூடங்களும் அடுத்தடுத்து எழுந்தன. ஒரு பட்டறையில் வார்த்த உறுப்பு அடுத்த பட்டறையில் கடைசல் பெற்று, மூன்றாவது பட்டறையில் முலாம் பெறும். அண்மையில் இருந்தமையால் செலவு குறைந்தது. ஒருவர் கண்ட நுட்பம் மற்றவர்க்கும் பரவியது. பேட்டையின் உண்மையான செல்வம் அதன் கட்டடங்கள் அல்ல. அங்குள்ளோரின் அண்டை உறவே ஆகும்.

அறிவோடு கூடிய அண்டை

எனினும், பேட்டையால் செய்ய முடியாத ஒன்று இருந்தது. அது தொழிலுக்கு இடம் தந்தது. புதிய அறிவைத் தரவில்லை. அறிந்த பொருளைத் திறம்படச் செய்யப் பட்டறை போதும். இதுவரை எவரும் செய்யாத பொருளைச் செய்ய ஆய்வுக்கூடம் அருகில் இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் முன்னரே உணர்ந்தது. அதற்குப் பெருநிலம் இருந்தது. ஆனால் அதனை விற்றல் கூடாது என்பது நிறுவியோரின் கட்டளை. பிரெடரிக் டெர்மன் என்னும் பொறியியற் பேராசிரியரின் ஊக்கத்தால், 1951-ஆம் ஆண்டில் அந்நிலத்தில் ஒரு பகுதி தொழில் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. டெர்மனின் மாணவர்களாகிய ஹியூலெட், பாக்கர்டு என்னும் இருவர் 1939-ஆம் ஆண்டில் கார் நிறுத்தும் சிறு கொட்டகையில் தொடங்கிய மின்னணுக் கருவித் தொழிலும் பின்னர் அங்கே வந்து தழைத்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரின் டிரினிட்டி கல்லூரி 1970-ஆம் ஆண்டில் இத்தகைய பூங்கா ஒன்றை நிறுவியது. ஆராய்வோரும் ஆக்குவோரும் அருகருகே வாழும் இவ்விடங்களே அறிவியற் பூங்காக்கள் எனப்பட்டன.

தரமணியின் ஆராய்ச்சிப் பூங்கா

தமிழகத்தில் இவ்வழியைப் பின்பற்றிய பெருமை சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சாரும். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று உழைக்க, தரமணியில் 2010-ஆம் ஆண்டில் அக்கழகத்தின் ஆராய்ச்சிப் பூங்கா செயற்படத் தொடங்கியது. இங்கு இடம் பெறும் நிறுவனம் வாடகை செலுத்துவதோடு நின்றுவிடுதல் இயலாது. பேராசிரியர்களோடு கூடி ஆராய வேண்டும்; மாணவர்களைப் பணியில் ஈடுபடுத்த வேண்டும். இச்செயல்களுக்குப் புள்ளிகள் உண்டு. வேண்டிய அளவு புள்ளிகளை ஒவ்வொரு நிறுவனமும் ஈட்டுதல் கடமையாகும். அறிவோடு உறவாடாதவர்க்கு அறிவின் அருகில் இடமில்லை என்பதே இவ்விதியின் கருத்து.

இளந்தொழில்களை வளர்க்கும் பிரிவும் அங்கே உண்டு. உழவன் விதையை நேரே வயலில் விட்டுவிடுவதில்லை. நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்து, நீர் காத்து, வேர் பிடித்தபின் பறித்து நடுகிறான். அவ்வாறே, புதிய தொழிலுக்குக் குறைந்த செலவில் இடமும், கருவியும், அறிவுரையும், முதல் திரட்டும் வழியும் தந்து, அது தன் காலில் நிற்கும்வரை காப்பது இப்பிரிவின் பணி.

இந்நாற்றங்காலில் வளர்ந்த பயிர்களுள் ஒன்று, 2017-ஆம் ஆண்டில் தோன்றிய அக்னிகுல் நிறுவனம். சிறிய செயற்கைக்கோள்களை விண்ணில் செலுத்தும் ஏவூர்தியைச் செய்வது அதன் நோக்கம். ஏவூர்தியின் எஞ்சினைப் பல உறுப்புகளாகச் செய்து இணைப்பதே வழக்கம். இந்நிறுவனத்தாரோ முப்பரிமாண அச்சு முறையால் அதனை ஒரே துண்டாக ஆக்கினர். ஏவும் நாள் பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. எனினும் அவர்கள் சோர்வடையவில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவில் அவர்களுடைய ஏவுதளத்திலிருந்து சோதனை ஏவூர்தி வெற்றியுடன் எழுந்தது. கல்லூரியின் ஆய்வுக்கூடமும், பேராசிரியரின் துணையும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உதவியும் கிடைத்திராவிடில், இளைஞர் சிலரின் கனவு இத்துணை உயரம் சென்றிருத்தல் அரிது.

பட்டாபிராமும் பருத்திப்பட்டும்

தரமணியில் 2000-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திறக்கப்பெற்ற டைடல் பூங்கா, கணிப்பொறித் தொழிலுக்கு உறுதியான கட்டடத்தையும், தடையற்ற மின்சாரத்தையும், செய்தித் தொடர்பையும் வழங்கியது. அதன் வழித்தோன்றலாகவே 2024-ஆம் ஆண்டு நவம்பரில் 21 மாடிகளுடன் பட்டாபிராம் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. நகரின் மேற்கே வாழும் பொறியியல் பட்டதாரிகள் வேலை தேடி நாள்தோறும் தென்கோடிக்குச் செல்லும் துன்பம் இதனால் குறையக்கூடும்.

ஆனால், உயர்ந்த கட்டடம் மட்டும் பூங்கா ஆகிவிடாது. மரமின்றி வேலி மட்டும் இருந்தால் அதனைத் தோட்டம் என்று எவரும் கூறார். பருத்திப்பட்டைச் சூழ்ந்த பகுதிக்குக் கிடைத்துள்ள வாய்ப்போ அரியது. அம்பத்தூரில் அரை நூற்றாண்டுக் கைத்திறன் உள்ளது. ஆவடியில் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அர்ஜுன் பீரங்கி வண்டியை அவ்வூரிலேயே உள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலை செய்கிறது. வகுப்போரும் வடிப்போரும் அண்டையராய் வாழ்வதன் பயனுக்கு இது சான்று. சுற்றிலும் பொறியியற் கல்லூரிகள் பல உள்ளன. கடைசல் பட்டறைக்காரரின் கைத்திறனும், கல்லூரி மாணவரின் கணக்கும், கணிப்பொறி வல்லுநரின் நிரலும் ஓரிடத்தில் கூடுமாயின் புதிய தொழில்கள் தழைக்கும். அவை கூடாவிடில், அடுத்தடுத்து இருந்தும் அயலாராகவே வாழ்ந்துவிடும்.

ஆகவே, அறிவியற் பூங்காவின் வாயில் பெருநிறுவனங்களுக்கு மட்டுமன்றி, சிறு பட்டறை நடத்துவோர்க்கும், கையில் பொருளின்றி நெஞ்சில் எண்ணத்தோடு வரும் மாணவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். நிலமும் கட்டடமும் அரசு தரலாம். அறிவுடையோரும் தொழிலுடையோரும் ஒருவரை ஒருவர் நாடிச் சென்று கற்கும் பண்பை மக்களே தருதல் வேண்டும். அப்பண்பு வேரூன்றிய இடத்தில்தான் தொழில் என்னும் பயிர் செழித்து, நாட்டிற்கு நற்பயன் நல்கும்.

பயிற்சி

1. தனித்துத் தொழில் தொடங்குவோர்க்கு நேரும் இடர்கள் யாவை?
2. தொழிற்பேட்டைக்கும் அறிவியற் பூங்காவிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. இளந்தொழில்களை வளர்க்கும் பிரிவு நாற்றங்காலோடு ஒப்பிடப்படுவது ஏன்?
4. நும் ஊரில் உள்ள தொழில் ஒன்று எத்தகைய அறிவின் துணையால் மேலும் வளரும் என்பது பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.