கவலைக்கு மருந்தா? கவலைக்கே உரமா?



"அரியர் விழுந்துடுச்சு மச்சான், மனசே சரியில்ல. ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வரும்." விடுதியில் இந்த வசனத்தைக் கேட்காதவர் நம்மில் யார்? அறிவுரை நமக்கு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. எனவே இந்த வசனத்தில் உள்ள டெக்னிக்கல் கோளாறை மட்டும் இங்கே ஆராய்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் அதில் உள்ள சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். நமது கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ஆக, இரவு பத்து மணிக்குக் குடித்தது முழுவதும் தீர 6 முதல் 9 மணி நேரம் ஆகும். விடிஞ்சிடும்!

அதற்குள் மூளையில் நடப்பது என்ன? வண்டியைப் போலவே மூளைக்கும் பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டும் உண்டு. 'காபா' என்னும் ரசாயனம் பிரேக், 'குளூட்டமேட்' ஆக்ஸிலேட்டர். மது பிரேக்கை அழுத்துகிறது, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துகிறது. முதலில் கிடைக்கும் நிம்மதி இதனால்தான். தினமும் இப்படி பிரேக்கை மிதித்தே ஓட்டினால், ஈடுகட்ட மூளை ஆக்ஸிலேட்டரைக் கூட்டிக்கொள்ளும். போதை இறங்கியதும் பிரேக் விடுபடும். கூட்டி வைத்த ஆக்ஸிலேட்டர் அப்படியே நிற்கும். பதற்றம், கை நடுக்கம், பாதி ராத்திரி விழிப்பு, இனம் புரியாத சோகம் எல்லாம் அப்போது வரும். அதைப் போக்க மறுபடியும் பாட்டில்!

சரி, சோகத்தால் குடியா, குடியால் சோகமா? இரண்டும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் பிரவுன், ஷூக்கிட் என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சிகிச்சைக்குச் சேர்ந்த 191 ஆண் குடிநோயாளிகளில் 42 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. நான்கு வாரம் மது இல்லாமல் இருந்த பின் அது 6 சதவீதமாகக் குறைந்தது!

என் சித்தப்பா ஒரு டர்னர். "வேலை போன துக்கத்துல குடிக்கிறான்" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சிகிச்சை மையத்தில் ஒரு மாதம் இருந்து திரும்பியவர் என்னிடம் சொன்னார்: "வேலை இன்னும் கிடைக்கலடா தம்பி. ஆனா காலையில எழுந்து தேடப் போகணும்னு தோணுது." துக்கத்தின் காரணம் அப்படியே இருக்க, துக்கத்தின் பாரம் மட்டும் இறங்கியிருந்தது.

மீதி அந்த 6 சதவீதம்? குடியை விட்டும் சோர்வு தீராதவர்களுக்கு மனச்சோர்வே தனி நோய். அதற்கும் சிகிச்சை உண்டு. குடித்துக்கொண்டே இருந்தால் அது கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். பல காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வை அவசியம். அடுத்து, மனமுடைந்த நண்பனுக்கு 'ஆறுதலுக்கு' ஊற்றிக் கொடுக்காதீர்கள். விபரீத எண்ணம் வரும்போது ஒருவனைத் தடுத்து நிறுத்துவது அவனது நிதானம். மது முதலில் பறிப்பது அதைத்தான்.

நண்பன் வகுப்புக்கு வராமல், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை; இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இன்றே விடுதி நோட்டீஸ் போர்டில் எழுதி வைப்போம்!