மலைத் தோட்டத்துக்கு மறைப்பு மரம்: அவசரப்பட்டு நட வேண்டாம்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரம் வீடும் காய்கறித் தோட்டமும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், எல்லையோரத்தில் என்றும் பசுமையான மரங்களை நட விரும்புவது இயல்பு. வழிப்போக்கர் பார்வை மறையும். காற்றின் வேகமும் தணியும். விருப்பம் நல்லதே. ஆனால் ‘எது சீக்கிரம் வளரும்?’ என்று மட்டும் கேட்டு நாற்று வாங்குவதில்தான் தவறு தொடங்குகிறது.

சீக்கிரம் வளரும் மரம் வேண்டிய உயரத்தோடு நின்றுவிடாது. பத்து ஆண்டுகளில் பாத்தியில் நிழல் விழும். வேர்கள் உரத்தையும் ஈரத்தையும் இழுக்கும். அப்போது வெட்டிக் கொள்ளலாம் என்று இருக்க முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் ஊர்களில், பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி பெற வேண்டும். ஆகவே யோசனை நடுவதற்கு முன்பே வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸ் நூறு அடிக்கு மேலும் வளரும். அடிப்பாகத்தில் கிளை நிற்காது; எனவே மறைப்பும் இராது. சீகை மரத்தின் வேர் ஆழமில்லாதது. மழைக் காற்றில் சாய்ந்துவிடும். அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் கிடந்து முளைத்துத் தொல்லை தரும். சில்வர் ஓக் தேயிலைக்கு நிழல் தர ஏற்றது. ஆனால் இளங்கன்று உறைபனியில் கருகும். வளர்ந்த பின் அடிமரம் வெறுமையாக நிற்கும்.

ஏற்றவை

அடியிலிருந்தே கிளை விட்டு, பனியையும் தாங்கும் மரம் சைப்ரஸ். ஆனால் இளமையிலிருந்தே ஆண்டுதோறும் நுனி கத்தரித்து வர வேண்டும். வளரவிட்டுப் பிறகு இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அது மீண்டும் துளிர்க்காது.

வேலி முழுவதும் சைப்ரஸ் ஒன்றையே நடுவதும் ஆபத்து. ஆப்பிரிக்காவில் 1986இல் மலாவி நாட்டில் காணப்பட்ட சைப்ரஸ் அசுவினி, 1990இல் கென்யாவை எட்டியது. அங்கே விவசாயிகளின் சைப்ரஸ் உயிர்வேலிகள் பல காய்ந்து போயின. பல இனம் கலந்து நட்டிருந்தால் ஒரு பூச்சி வேலி முழுவதையும் அழிக்காது.

எனவே சைப்ரஸோடு, மாடு விரும்பாத விராலியை அடி வரிசையாக நடலாம். இடையிடையே, மலையிலேயே இயற்கையாக வளரும் ரோடோடென்ட்ரான் போன்ற மரங்களைச் சேர்க்கலாம். இவை மெதுவாகவே வளரும். ஆனால் நிலத்தை விழுங்காது.

பனி வடிய வழி

டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்றில்லாத இரவுகளில், குளிர்ந்த காற்று கனமாகி நீரைப் போலச் சரிவில் கீழே இறங்கும். நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில் அடர்ந்த வேலி இருந்தால், வரப்பு கட்டியது போல அந்தக் குளிர் உள்ளேயே தேங்கும். உருளைக்கிழங்கும் தேயிலைக் கொழுந்தும் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே மேல் ஓரத்தில் வேலி அடர்த்தியாக இருக்கலாம். கீழ் ஓரத்தில் ஆங்காங்கே பத்தடி இடைவெளி விட வேண்டும். சாலை கீழ்ப்புறம் இருந்தால், மறைப்பை நிலத்தின் எல்லையில் வைக்காமல் வீட்டருகே மட்டும் வைப்பது நல்லது.

குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு எல்லையில் 20 அடி மரம் நின்றால், சமதளத்தில் நண்பகலிலேயே சுமார் 14 அடிக்கு நிழல் விழும். காலையில் நிழல் இன்னும் நீளம். பனி உருகத் தாமதமாகும். தெற்கே குட்டையான புதர்களே போதும்.

காற்றைத் தடுக்கவும் சுவர் போன்ற அடர்த்தி தேவையில்லை. பாதியளவு காற்று ஊடுருவும் வேலியே சிறந்தது. முழுவதும் அடைத்தால் காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று விழும்.

நடும் முறை

தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் இடங்களில் ஜூனில் நட்டால், பனிக்கு முன் வேர் பிடித்துவிடும். எல்லைக் கோட்டிலிருந்து ஐந்தடி உள்ளே, ஒன்றரை அடிக் குழியில் மக்கிய தொழு உரம் கலந்து நட வேண்டும். மரங்களுக்கு எட்டடியும், முன் வரிசைப் புதர்களுக்கு நாலடியும் இடைவெளி விட்டு, முக்கோணமாக அமைக்கலாம். முதல் காய்கறிப் பாத்தி பத்தடியாவது தள்ளியிருக்கட்டும். பையில் வேர் சுருண்ட பெரிய கன்றை விட, ஒன்றரை அடிச் சிறு கன்றே மேல். முதல் இரண்டு குளிர்காலத்தில் இரவில் காய்ந்த புல்லால் கன்றை மூடி, பகலில் திறந்துவிட வேண்டும். காட்டெருமை வரும் இடத்தில் முள் அடைப்பு அவசியம்.

கன்று வாங்குவதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே, பனி விழுந்த ஒரு நாள் விடியற்காலையில் நிலத்தைச் சுற்றி வந்து பார்ப்பது நல்லது. வெண்மை எங்கே அதிகம் படிந்திருக்கிறதோ அங்கே குச்சி நட்டு அடையாளம் செய்து கொள்ளலாம். அதற்கு நேர் கீழே வேலியில் வழி விட வேண்டும். செலவில்லாத இந்த ஒரு காலை வேலை, பின்னால் பல போகங்களைக் காப்பாற்றும்.