வீடு விற்குமுன் தீர்க்க வேண்டிய பராமரிப்புக் கணக்கு

கிளியனூர் போன்ற மரக்காணம் வட்டாரத்து ஊர்களில், சாலை, காவல், நீரேற்று மோட்டார் ஆகியவற்றைச் சங்கமோ நிறுவனமோ பொதுவாகப் பராமரிக்கும் வளாகத்தில் வீடு விற்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, பராமரிப்புக் கட்டண நிலுவையைக் காட்டாது. ஆகவே முன்பணம் வாங்குமுன்பே நிலுவையின்மைச் சான்றை எழுத்தில் பெறுவதும், உப்புக்காற்றில் துருவேறிய வாயிற்கதவு, குழாய் போன்றவற்றின் பழுதுக்காக விதிக்கப்பட்ட சிறப்பு வசூல் அதில் அடங்கியுள்ளதா எனப் பார்ப்பதும் அவசியம். பெயர்மாற்றக் கட்டணம் கேட்கப்பட்டால், அது சங்கத்தின் நடைமுறை விதிகளான துணைவிதிகளில் உள்ளதா எனக் கேட்டறிய விற்பவருக்கு முழு நியாயமுண்டு. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் இதற்கு 25,000 ரூபாய் உச்சவரம்பே உள்ளது. தொடக்கத்தில் ஒரே தவணையாகச் செலுத்திய மூலநிதி, பெரும்பாலும் திருப்பித் தரப்படாமல் வீட்டோடு வாங்குபவரைச் சேர்வதால், அதை விலை பேசும்போதே கணக்கிட்டுக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.