வளைந்த வயலின் பரப்பளவைக் கணித்தல்

விதை, பசளை, கூலி ஆகிய மூன்றும் நிலத்தின் பரப்பளவைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. பரப்பளவு பிழைத்தால் இம்மூன்றும் பிழைக்கும். கண்டியைச் சூழ்ந்த உடுநுவர, யட்டிநுவர, ஹாரிஸ்பத்துவ ஆகிய பகுதிகளில் வயல்கள் குன்றின் வளைவையும் ஓடையின் போக்கையும் தழுவிப் படிப்படியாக அமைந்துள்ளன. அவற்றுள் நேர்த்தியான செவ்வக வடிவம் கொண்டவை சிலவே.

கண்டி அரசின் காலத்தில் வயலின் அளவு அமுணம், பேல, லாஹ என விதைநெல்லின் அளவாற் குறிக்கப்பட்டது. பத்து லாஹ ஒரு பேல. நான்கு பேல ஓர் அமுணம். விதைப்புக்கு இவ்வளவை ஏற்றதாயினும், மண்ணின் தன்மைக்கும் விதைப்பவரின் கைக்கும் ஏற்ப ஓர் அமுண நிலத்தின் பரப்பு இடத்துக்கிடம் வேறுபடும். பசளையைத் தராசில் நிறுத்து இடும் இக்காலத்தில் நிலத்தையும் அளந்தே அறிதல் வேண்டும்.

வழக்கமான தவறு

நாற்பக்க வயலின் எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு சராசரிகளையும் பெருக்குவது பலரது வழக்கம். செவ்வகத்துக்கு மாத்திரமே இது பொருந்தும். ஏனைய நாற்பக்க வயல்களில் இம்முறை எப்போதும் மெய்யான பரப்பிலும் கூடுதலான விடையையே தரும்.

சரியான முறை

வயலை முக்கோணிகளாகவும் சரிவகங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் தனித்தனியே கண்டு கூட்டுதல் வேண்டும். பயிரிடாத பகுதியைக் கழித்தல் வேண்டும்.

ஒரு வயலின் மூலைகள் முறையே அ, ஆ, இ, ஈ எனக் கொள்க. அ முதல் ஆ வரை 30 மீற்றர். ஆ முதல் இ வரை 40.2, இ முதல் ஈ வரை 20, ஈ முதல் அ வரை 50.6 மீற்றர். அ முதல் இ வரை மூலைவிட்டமாகக் கயிறு கட்டினால் அதன் நீளம் 60 மீற்றர். ஆ என்னும் மூலையில் அளவு நாடாவின் நுனியைப் பிடித்து, மறுபுறத்தைக் கயிற்றின் மீது நகர்த்துக. கிடைக்கும் மிகக் குறைந்த அளவே செங்குத்துயரமாகும். இவ்வாறு ஆ-விலிருந்து 18 மீற்றரும், ஈ-யிலிருந்து 16 மீற்றரும் கிடைத்தன.

இரு முக்கோணிகளின் மொத்தப் பரப்பு: ½ × 60 × (18 + 16) = 1,020 சதுர மீற்றர்.

அ–ஆ பக்கத்து வரம்பு வெளிப்புறமாக வளைந்துள்ளது. நேர்கோட்டில் 10 மீற்றருக்கொருமுறை வரம்பு வரையுள்ள தூரத்தை அளந்தபோது 0, 3, 4, 0 மீற்றர் எனக் கிடைத்தது. எனவே இவ்வளைவு, முனைகளில் இரு முக்கோணிகளும் நடுவில் ஒரு சரிவகமுமாகும்: 15 + 35 + 20 = 70 சதுர மீற்றர். இடைவெளியைக் குறைத்து அளந்தால் விடை மேலுந் திருத்தமாகும்.

வயலினுள் 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமுமான சூட்டுக்களம் ஒன்று உண்டு. அதன் பரப்பு 30 சதுர மீற்றர்.

பயிர்ப்பரப்பு: 1,020 + 70 − 30 = 1,060 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றராதலின், இது ஏறக்குறைய 42 பேர்ச். 160 பேர்ச் கொண்டது ஓர் ஏக்கர்.

பிழையின் விளைவு

நாற்பக்கப் பகுதியைச் சராசரி முறையிற் கணித்தால் 25 × 45.4 = 1,135 சதுர மீற்றர் கிடைக்கும். அஃதாவது, இல்லாத 115 சதுர மீற்றர் நிலம் கணக்கில் ஏறும். ஒரு பசளையை ஹெக்டயருக்கு 100 கிலோகிராம் வீதம் இடுவதாகக் கொண்டால், 10.6 கிலோகிராமுக்குப் பதிலாக 11.75 கிலோகிராம் இடப்படும். மிகையான தழைச்சத்தாற் பயிர் சாயும். எஞ்சியது நீரோடு ஓடையிற் கலந்து மகாவலியைச் சேரும். பரப்புக் கணக்கில் உழவுக்கூலி கொடுப்பவர் உழாத நிலத்துக்கும் கூலி கொடுப்பார். நல்ல விளைச்சலும் ஏக்கர்க் கணக்கிற் குறைவாகத் தோன்றும்.

சரிவான நிலம்

மலைச்சரிவிலுள்ள தோட்டத்தை அளக்கையில் நாடாவை நிலத்திற் கிடத்தலாகாது. சரிவு வழியே 20 மீற்றர் நீளமுள்ள நிலம் 12 மீற்றர் உயர்ந்திருப்பின், அதன் மட்டத்தூரம் 16 மீற்றரே. நில அளவைப் படங்களிற் காணப்படும் பரப்பு மட்டத்தூரத்தாற் கணிக்கப்பட்டதாகும். ஆகவே நாடாவை மட்டமாக இழுத்துப் பிடித்து, தூக்குநூலின் உதவியுடன் படிப்படியாகக் கீழிறங்கி அளத்தல் வேண்டும்.

ஒருமுறை அளந்த வயலின் உருவையும் அளவுகளையும் குறிப்பேட்டிற் பதிந்து வைத்தால், பெரும்போகம், சிறுபோகம் இரண்டுக்கும் அவை பயன்படும். இவ்வளவை பயிர்ச்செய்கைக்கு மாத்திரமே உரியது. எல்லைப் பிணக்குகளுக்கும் உறுதி எழுதுவதற்கும் அனுமதி பெற்ற நில அளவையாளரையே நாடுதல் வேண்டும்.