நில்! மூச்சு விடு! பிறகு செய்!



எனக்கு ஊர் அடி அண்ணாமலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை.

அந்தப் பெருமையைப் போன வருடம் ஒர்க்‌ஷாப்பில் நானே கவிழ்க்கப் பார்த்தேன். லேத் சக்கிலிருந்து சாவியை எடுக்காமலே சுவிட்சைப் போட்டுவிட்டேன். சாவி தெறித்து நண்பன் காதோரமாகப் பறந்தது. "ஏன்டா உனக்கு இந்த அவசரம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கே தெரியவில்லை.

பதில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கிடைத்தது. இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர். அவசரப்படுகிற எல்லோருக்கும் இது இருப்பதாக அர்த்தமில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர் அம்மாவிடம் விசாரித்தார். இது திமிரும் அல்ல, வளர்ப்புப் பிழையும் அல்ல. 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியிருக்கிறார். எளிதாகச் சொன்னால், ஆக்சிலேட்டர் நன்றாக இருந்து பிரேக் தாமதமாகப் பிடிக்கிற வண்டி. அந்த பிரேக் மூளையின் முன்பகுதியில் இருக்கிறது.

தியானம் உதவுமா? 2008-ல் அமெரிக்காவில் லிடியா ஜிலோவ்ஸ்கா குழுவினர் 24 பெரியவர்களுக்கும் 8 இளம் வயதினருக்கும் 8 வாரப் பயிற்சி தந்து பார்த்தார்கள். பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஆனால் அது ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு. ஆகவே தியானம் ஒரு துணை. மருத்துவத்துக்கு மாற்று அல்ல.

1896-ல் ரமணர் 16 வயதில் இங்கு வந்து அசையாமல் அமர்ந்தார். நானோ 18 வயதில் இரண்டு நிமிஷம்கூட உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன்! நடந்துகொண்டும் தியானம் செய்யலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் செய்வது இதுதான்:

1. விடியற்காலையில் கிரிவலப் பாதையில் 10 நிமிஷம் மெதுவாக நடக்கிறேன். கவனம் பாதத்தில்.

2. மனசு ஓடினால் திட்டுவதில்லை. திரும்பக் கூட்டி வருகிறேன். அதுதான் பயிற்சியே.

3. சுவிட்ச் போடும் முன் ஒரு மூச்சு. "சாவி எங்கே?" என்று எனக்கு நானே கேட்கிறேன். கண்ணால் பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

முழுசாக மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வைவாவில் கேள்வி முடியும் முன்பே இன்றும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாவி மறுபடி பறக்கவில்லை. "மார்க்கு கம்மியானா பரவாயில்லப்பா, கை கால் பத்திரம்" என்கிறார் அப்பா.

நண்பர்களே, உங்களுக்கும் இப்படி இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் 14416-க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே! பக்கத்து பெஞ்சில் இப்படி ஒருவன் இருந்தால், கேலி செய்யும் முன் நீங்களும் ஒரு மூச்சு விடுங்கள்.